தண்ணியை ஏத்தி இறக்குற விளையாட்டு

நவ. 8, சனி

விடிஞ்சதுலேருந்து மழை. விட்டு விட்டு. கொடியில போட்ட துணி காயவே இல்ல. வீடு முழுக்க ஈரத்துணி வாடை, அதுக்கு மேல சாம்பிராணி.

தையல் இடப்பக்கம் மட்டும் இழுக்குது. இருமினா உசிரு போகுது. மாத்திரை காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. காலையில மறந்துட்டேன்.

அத்தை மழையில திருப்புல்லாணி வரைக்கும் போயி மல்லிகை வாங்கிட்டு வந்தாங்க. பால் இன்னும் நிக்கல. பூவ நெஞ்சுல வெச்சு இறுக்கிக் கட்டுனா வத்திரும்னு சொல்றாங்க. கட்டி விடும்போது அவங்க என் முகத்தப் பாக்கல. நானும் பாக்கல.

"வலிக்குதா ஆத்தா?"

இல்லைன்னேன். வலிச்சுது. பால் வழிஞ்சு பூவெல்லாம் நனைஞ்சு போச்சு. இனிமே இந்தப் பூவத் தலையில வெக்க முடியுமான்னு தெரியல.

மத்தியானம் நஸ்ரின் வந்தா. ராம்நாட்ல நான் வேலை பாக்குற கம்ப்யூட்டர் சென்டர்ல என் பக்கத்து நாற்காலி. பஸ்ஸுக்கு நின்னு தொப்பலா நனைஞ்சுட்டா. டப்பாவுல தொதல், தேங்காப்பால் அல்வா. வந்தவங்க எல்லாரையும் மாதிரி "அழாத, அடுத்தது பொறக்கும்"னு சொல்லல. பக்கத்துல உக்காந்து என் கால அமுக்கி விட்டா, அவ்வளவுதான். போறப்ப என் போன வாங்கி ஒரு கேம் ஏத்திக் குடுத்தா.

"எனக்கு கேமெல்லாம் வராதுடி."

"இதுல யாரையும் சுட வேணாம். பாயிண்டு கிடையாது. ஒரு எழுத்து கிடையாது. சின்னதுதான், வளரு, ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும். சும்மா கண்ணு அதுல இருக்கட்டும். நான் துஆ செய்றேன்."

கு. சாயங்காலம் வந்தாரு. (என் வீட்டுக்காரரு குமரேசன் மச்சானுக்கு இங்க கு. போதும்.) சாப்புட்டியான்னு கேட்டாரு. சாப்புட்டேன்னேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து எங்களுக்குள்ள பேச்சு இவ்வளவுதான்.


நவ. 9, ஞாயிறு

மழை இல்ல. மப்பு.

கேம திறந்தேன். ஒரு வீடு. குறுக்க வெட்டி வெச்ச மாதிரி உள்ள எல்லாம் தெரியுது, கட்டில், மேசை, ஏணி. ஓரத்துல ஒரு உருவம். முகம் இல்ல. மேல போர்வை மாதிரி என்னமோ. ஆம்பளையா பொம்பளையா, வயசு என்ன, ஒண்ணும் தெரியல. அதத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன், நகரல. ரொம்ப நேரம் கழிச்சு தெரியாம விரல் கீழேருந்து மேல இழுபட்டுச்சு. தண்ணி ஏறுச்சு.

அப்பத்தான் புரிஞ்சுது. அந்த உருவத்த நாம நடக்க வைக்க முடியாது. நமக்குக் கையில உள்ளது தண்ணி மட்டும். ஏத்தலாம், இறக்கலாம். தண்ணி ஏறுனா மேசை மிதக்கும், மேசை மிதந்தா அது ஏறி உக்காரும், ஜன்னலுக்குப் போகும். தானாத்தான் போகும். எங்க போகணும்னு அதுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

வேகமா ஏத்திட்டேன். அது பதறி ஓடி அலமாரி மேல ஏறி முழங்காலக் கட்டிக்கிட்டு குத்த வெச்சுருச்சு. அப்பறம் என்ன செஞ்சாலும் எந்திரிக்கல. தோத்துட்டேன் போலன்னு மூடி வெச்சுட்டேன்.

அத்தை: "கண்ணு போயிரும்த்தா. பச்ச ஒடம்பு."

சரின்னேன்.

பரமக்குடியிலேருந்து அய்யா போன். அம்மா இல்லாத வீட்டுல இருந்து அய்யா பண்ற போன் எல்லாம் ஒரே மாதிரி. "கஞ்சி குடிச்சியா. மருந்து சாப்புட்டியா. சரி வைக்கிறேன்." அவர் தங்கச்சிதான் எனக்கு மாமியார். அம்மா இல்லைன்னுதான் பிரசவமும் இங்கனயே ஆச்சு. "எங்க அண்ணன் மகள நான் பாத்துக்க மாட்டனா"ன்னு அத்தை வாய் நிறையச் சொல்லித்தான் வெச்சுக்கிட்டாங்க.


நவ. 11, செவ்வாய்

தண்ணிக் குழாய்ல பேச்சு. ஜன்னல் பக்கம் படுத்திருந்தேன், எல்லாம் கேக்குது.

"பிள்ளையப் பறிகுடுத்தவ மாதிரியா இருக்கா? போனும் கையுமால்ல இருக்கா."

"இந்தக் காலத்துப் பிள்ளைக."

"சொந்தத்துல குடுக்காதீகன்னு அன்னைக்கே சொன்னோம். கேட்டாகளா?"

அத்தை குடத்த வெச்ச சத்தம் பெருசாக் கேட்டுச்சு. உள்ள வந்து நேரா என் தலகாணிகிட்ட இருந்த போன எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. சாவி இடுப்புல.

அடுப்படியில ரொம்ப நேரம் மூக்கு சிந்துற சத்தம். மிளகாய் வறுக்கல, எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டது உண்மை. எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். ஆமான்னு எழுதிக்கிட்டாங்க. ஆனா அவங்க சொன்ன காரணம் வேற. தொப்புள்கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்திருச்சு. துடிப்பு குறையுதுன்னு தெரிஞ்ச உடனே ஆபரேஷனுக்குக் கொண்டு போனாங்க, மயக்க ஊசி போட்டாங்க. நான் கண்ணு முழிக்கும்போது எல்லாம் முடிஞ்சு, கு.வும் அவரு அப்பா, மாமாவும் கொண்டு போயி அடக்கம் பண்ணிட்டு வந்துட்டாங்க.

நான் பாக்கவே இல்ல. எங்கன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. "அதெல்லாம் நீ தெரிஞ்சுக்கக் கூடாது." தெரிஞ்சா அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம்.


நவ. 12, புதன்

போன் இல்லாத நாள். செஞ்சது:

கூரை பாத்தேன்.
நகம் வெட்டுனேன்.
அத்தை வெச்ச பூண்டுக் குழம்பு, முழுசாச் சாப்புட்டேன்.
பல்லி ஒண்ணு. அதயும் பாத்தேன்.
அலமாரிக் கீழ்த்தட்டுல ஒரு பை இருக்கும். அது இல்ல. நஸ்ரின் குடுத்த குல்லா, அய்யா வாங்குன சட்டை, எல்லாம் அதுலதான் இருந்துச்சு. எங்க போச்சுன்னு கேக்கல.

சாயங்காலம் கு. வந்து போன் எங்கன்னு கேட்டாரு. பீரோவப் பாத்தேன். அடுப்படிக்குப் போனாரு.

"யம்மா, சாவியக் குடு."

"ஊரு சிரிக்குதுடா."

"சிரிச்சுட்டுப் போகட்டும். அவளுக்கு வேற என்ன இருக்கு இப்ப?"

சத்தம் போட்டுச் சொல்லல. அத்தை சாவியக் குடுத்துட்டாங்க. போன என் கையில குடுத்துட்டு அவரு வெளிய போயிட்டாரு. கைலி முழங்கால் வரைக்கும் சேறு.


நவ. 14, வெள்ளி

கனமழை. கரண்டு காலையில போனது மத்தியானம் வந்துச்சு. போன் பாதி சார்ஜ்.

மறுபடி அந்த உருவம். அலமாரி மேலயே உக்காந்திருந்துச்சு. அன்னைக்கு விட்ட இடத்துலயே. பாவமா இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம போன தலகாணியில சாச்சு வெச்சுட்டு மழையப் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா எந்திரிச்சு நிக்குது! காலத் தொங்கப் போட்டு தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்குது.

அப்ப தோக்கல. அதுக்கு பயம் தெளியணும். அதுவரைக்கும் நாம ஒண்ணும் செய்யாம இருக்கணும், அதுதான் வெளையாட்டு. இப்படி ஒரு கேமா? நஸ்ரினுக்கு மெசேஜ் போட்டேன். சிரிக்கிற பொம்மை அனுப்புனா.

மெதுவா ஏத்துனேன். வந்துச்சு. வீட்ட விட்டு ஒரு தெரு. கதவ மறிச்சு ஒரு பெரிய பெட்டி. தண்ணிய ஏத்தி பெட்டிய மிதக்க விட்டு, தள்ளிப் போனதும் இறக்கணும். நாலு தடவை தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் அது ஏறி உக்காந்துக்கும். ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். எனக்கு என்ன அவசரம்.

தேவிபட்டினத்துல போட்டு எதுவும் கடலுக்குப் போகல, காத்து எச்சரிக்கை. மீன் இல்ல, ஐஸ் இல்ல, கு.வுக்கு லோடு இல்ல. மீன் வண்டி வாசல்லயே நிக்குது. ஆனா அவரு இல்ல. காலையில போனவரு. குடிக்கிற ஆளு இல்ல. என் முகத்தப் பாக்க முடியாம எங்கயோ போயி உக்காந்திருக்காரு போல. இருக்கட்டும்.

பால் நின்னுருச்சு. இன்னைக்குத்தான் கவனிச்சேன். நின்னா நிம்மதின்னு நெனச்சேன். அப்படி ஒண்ணும் இல்ல.


நவ. 17, திங்கள்

செக்கப். கு. வண்டியில கூட்டிட்டுப் போனாரு, அத்தையும் வந்தாங்க. முன் சீட்டுல மூணு பேரு. ரோட்டுல பள்ளம் வந்தா கு. வண்டிய நிறுத்துற மாதிரி மெதுவா இறக்குறாரு, தையலுக்காக.

ஆஸ்பத்திரியில உக்கார்ற இடம் வேற இல்லையாம். வயித்துப்பிள்ளைக்காரிக வரிசையிலேயே உக்காரச் சொன்னாங்க. பக்கத்துல ஒரு பிள்ள, இருபது வயசு இருக்கும், நிறைமாசம்.

"அக்கா, உங்களுக்கு எப்போ?"

எனக்கு வயிறு இன்னும் முழுசா உள்ள போகல. அவ மேல தப்பில்ல. "ஆயிருச்சுமா"ன்னேன்.

"என்ன பிள்ள?"

"பொம்பளப் பிள்ள."

"யாரு வெச்சிருக்கா?"

அத்தை சடக்குனு என் கையப் புடிச்சு எழுப்பி, "வாத்தா, அங்கன காத்து வருது"ன்னு கூட்டிட்டுப் போயி மாடிப்படியில உக்கார வெச்சுட்டாங்க. நான் போன எடுத்தேன். அத்தை பாத்தாங்க. மறைச்சு உக்காந்துக்கிட்டாங்க, போறவங்க வர்றவங்க பாக்காம.

கேம்ல இப்ப ஒரு மண்டபம். மணி நிறையத் தொங்குது. காத்துல ஆடும். உருவம் சத்தம் வர்ற பக்கம் போகும். தண்ணியில முங்குன மணி அடிக்காது. எத முக்கணும் எத விடணும்னு கண்டுபிடிக்கணும். அத்தை எட்டிப் பாத்துட்டு, "அந்த ஓரத்து மணிய விட்டுருத்தா, கதவு அங்கனதானே இருக்கு"ன்னாங்க. சரியாத்தான் இருந்துச்சு!

டாக்டரம்மா: தையல் நல்லா ஆறிருச்சு. ஒரு வருஷம் போகட்டும். "உங்க தப்பு இல்லம்மா, யார் தப்பும் இல்ல." அத்தை இத ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கிட்டாங்க. "யார் தப்பும் இல்லையா டாக்டரு? சொந்தம்கிறதால...?" "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

வெளிய வந்ததும் அத்தை வேப்பமரத்தடியில நின்னுட்டாங்க. முந்தானையால மூஞ்சியத் தொடச்சாங்க. நான்தான் பிடிவாதமா இந்தச் சம்பந்தத்த முடிச்சேன்னு அவங்களுக்குள்ள ஓடுறது எனக்குத் தெரியாமப் போச்சு.


நவ. 19, புதன்

அய்யா வர்ற ஞாயித்துக்கெழமை வர்றாராம். என்னயப் பரமக்குடிக்குக் கூட்டிட்டுப் போக. மாசி வரைக்கும் அங்கன இருக்கட்டும்னு அவரும் அத்தையும் போன்லயே பேசி முடிச்சிருக்காங்க. புருசன் பொண்டாட்டி கொஞ்ச நாள் தள்ளி இருந்தா நல்லதாம், உடம்புக்கு.

என்னயக் கேக்கல. கு.வயும் கேக்கல போல. சொன்னப்ப அவரு தட்டுல கைய வெச்சபடியே இருந்தாரு.

நான் போனா திரும்பி வரும்போது அடக்கம் பண்ணுன மண்ணு காஞ்சு மட்டமாயிருக்கும். அப்பறம் யாரும் எனக்குச் சொல்லவே மாட்டாங்க. எங்கன்னு தெரியாமலே இருந்துருவேன்.

இதயே நெனச்சுக்கிட்டு கேம்ல தண்ணிய ஏத்தி ஏத்தி இறக்குனேன். பாவம், அது தூண் மேல ஏறி உக்காந்துருச்சு. போர்வைய இழுத்து மூடிக்கிச்சு. மன்னிச்சிருன்னு வாய் விட்டே சொன்னேன்.


நவ. 20, வியாழன்

மழை. மாமா வயல்லேருந்து வந்து கண்மாய் நிறையப் போகுதுன்னாரு. நெறஞ்ச தண்ணி மறுகால்ல ஓடும்னாரு. நெல்லுக்கு நல்லது, கண்மாய ஒட்டுன மேட்டு வயலுக்குத்தான் ஆகாதாம். மேட்டு வயல்னதும் கு.வ ஒரு தடவை பாத்தாரு. கு. கீழ பாத்தாரு.

மத்தியானம் கு. வீட்டுல இருந்தாரு. கட்டிலுக்குக் கீழ பாய்ல படுத்திருந்தவரு எந்திரிச்சு என் பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"என்னதான் இது? தெனம் பாக்குற."

காட்டுனேன்.

"இது ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியல."

"எங்க போகுது?"

"தெரியல."

"அப்ப என்னத்தத்தான் வெளயாடுற நீ?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தையல் வலிச்சுது. அவரும் லேசா சிரிச்சாரு. உடனே ரெண்டு பேரும் நிறுத்திட்டோம். யாராவது கேட்டிருப்பாங்களோங்கிற மாதிரி.

கடைசி இடம் போல. பெரிய தெப்பக்குளம் மாதிரி. படிக்கட்டு நாலு பக்கமும். நடுவுல ஓடம். எதிர்ப்பக்கம் ஒரு மடை. ரெண்டு நாளா மாட்டிக்கிட்டு இருக்கேன். மடையத் தூக்குனா தண்ணி வடியுது, ஓடம் தரை தட்டுது. தண்ணியப் புடிச்சு நிறுத்துனா மடை மூடிக்குது. கு. பாத்துக்கிட்டே இருந்தாரு.

"நீ தண்ணிய அப்படியே புடி. கைய எடுக்காத. மடைய நான் தூக்குறேன்."

ஒரே போன்ல ரெண்டு பேரு விரல். அவரு விரல் தடிப்பு, பக்கத்துல உள்ளதயும் சேத்து அமுக்குது. "மெதுவா மச்சான், மெதுவா, பயந்துரும்." "சரிடி." ஓடம் நகந்துச்சு. பாதி தூரத்துல கரண்டு போயி, சார்ஜ் இல்லாம போன் அணைஞ்சே போச்சு.

ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம், இருட்டுன வீட்டுல. அவரு தோளு என் தோளுல பட்டுக்கிட்டு இருந்துச்சு. எடுக்கல.


நவ. 22, சனி

எழுதணும். எப்படி எழுதுறதுன்னு தெரியல. நடந்தபடியே.

மத்தியானம் சாப்புட்டதும் அவரே கேட்டாரு, "முடிச்சிருவோமா?" நான் தண்ணியப் புடிச்சேன், அவரு மடையத் தூக்குனாரு. ஓடம் எதிர்க்கரை போச்சு. உருவம் எறங்குச்சு. படியெல்லாம் ஏறுச்சு. மேல ஒரு ரோடு. வெயில். அது நடந்துச்சு, நடந்துச்சு, சின்னதாச்சு, போயிருச்சு. அப்பறம் தண்ணி தானா வடிஞ்சு குளம் வெறும் தரையாச்சு. கேம செஞ்சவங்க பேரு ஓட ஆரம்பிச்சுச்சு.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு போல."

எனக்குக் கோவமா வந்துச்சு. "திரும்பிக்கூடப் பாக்கல பாருங்க. இத்தனை நாளு தூக்கித் தூக்கிக் கொண்டாந்து விட்டேன்."

"நீ இருந்தேங்கிறதே அதுக்குத் தெரியாதுல்ல வளரு. அதுக்குத் தெரிஞ்சது தண்ணி மட்டுந்தான்."

சாதாரணமாத்தான் சொன்னாரு. தையல ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அவரு பதறிப் போயி, "என்னடி, என்ன சொல்லிட்டேன், வெளயாட்டுத்தானே"ன்னாரு.

கேட்டேன். "அவளுக்கு என்னயத் தெரிஞ்சிருக்கும்ல மச்சான்?"

"அவ"ன்னு சொன்னது இதுதான் மொதத் தடவை. இந்த வீட்டுல எல்லாரும் அதுன்னுதான் சொன்னோம்.

போனக் கவுத்து வெச்சாரு அவரு. அப்பறம்: "நான் வந்து வயித்துல வாய வெச்சுப் பேசுனா கம்முனு இருக்கும். நீ பேச ஆரம்பிச்சாத்தான் ஒதைக்கும். எத்தன தடவ எனக்குக் கோவம் வந்திருக்கு. தெரியாமலா ஒதைச்சா?"

அதுக்குப் பின்னாடி அவரு அழுதாரு. சத்தமே இல்ல. முதுகு மட்டும் குலுங்குச்சு. ஆஸ்பத்திரியில, வீட்டுல, எங்கயும் அவரு அழுது நான் பாத்ததில்ல. கல்லு மாதிரி இருக்காரேன்னு மனசுக்குள்ள எத்தனையோ சொல்லியிருக்கேன்.

நானா ஒண்ணும் கேக்கல. அவரே சொன்னாரு. கொஞ்சம் கொஞ்சமா.

முடி நெறைய. நனைஞ்சு நெத்தியில ஒட்டியிருந்துச்சாம்.

கை ரெண்டும் மூடியிருந்துச்சாம். ஒரு கைய விரிச்சுப் பாத்தாராம். மறுபடி மூடி விட்டாராம்.

மூக்கு அத்தை மூக்கு.

வண்டியில மாமா ஓட்டல, மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. இவருதான் ஓட்டுனாரு. மாமா மடியில வெச்சிருந்தாராம். அலமாரியில இருந்த பையி கூடவே போயிருச்சு. சட்டை போட்டு விட்டுத்தான் வெச்சாங்களாம்.

"எங்க மச்சான்?"

"மேட்டு வயல்ல. வரப்போரமா. அங்கன தண்ணி ஏறாதுன்னுதான் வெச்சோம். இந்த வருசம் கண்மாய் கசிஞ்சு ஏறுது வளரு. தெனம் போறேன். மண்ண வெட்டி வெட்டிச் சுத்திக் கரை போடுறேன். காலையில போட்டா சாயங்காலம் கரைஞ்சு கெடக்கு. நிக்கவே மாட்டேங்குது."

அந்தச் சேறு.

என் முகத்தப் பாக்கப் புடிக்காம போறாருன்னு நெனச்சேனே. நான் இங்கன படுத்துக்கிட்டு போன்ல தண்ணிய இறக்கிக்கிட்டு இருந்தேன். அவரு அங்கன மம்பட்டியோட நின்னிருக்காரு, தனியா.

"நாளைக்கு என்னயக் கூட்டிட்டுப் போங்க. அய்யா வர்றதுக்கு முந்தி."

"அம்மா விடாது."

"நீங்க விடுவீங்களா?"

தலைய ஆட்டுனாரு.


நவ. 23, ஞாயிறு

தூறல். காத்து இல்ல.

நான் சேலை மாத்திக்கிட்டு வந்ததுமே அத்தைக்குத் தெரிஞ்சு போச்சு. வாசல மறிச்சுட்டாங்க.

"பெத்தவ அங்கன போகக்கூடாது. எங்கயும் இல்லாத பழக்கம். ஏலே குமரேசா, உனக்கு அறிவிருக்கா? பச்ச ஒடம்புக்காரிய மழையில—"

"யம்மா, தள்ளு."

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எங்க அண்ணனுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டு இருந்தவரு, நிமிராமலே சொன்னாரு: "போகட்டும் விடு. அவ பிள்ள." மாமா அதிகம் பேசுற ஆளு இல்ல. அத்தை தள்ளி நின்னுட்டாங்க. என் தலையில துண்டப் போட்டு விட்டாங்க, காதையும் சேத்து இறுக்கி.

வண்டி ஐஸ் வாடை, மீன் வாடை. கருவேல மரம் வரைக்கும் வண்டி போகும், அதுக்கு மேல வரப்பு. கு. முன்னால நடந்தாரு, நான் அவரு தோள்ல கைய வெச்சுக்கிட்டு. ரெண்டு பக்கமும் நெல்லு கணுக்கால் உசரம், நல்ல பச்சை. மேட்டு வயல் பச்சையே இல்ல. தண்ணி. வானம் அப்படியே அதுல கெடக்கு.

"இந்தா, அங்கன."

ஒரு கல்லு. மேல்பாகம் மட்டும் வெளிய. சுத்தி அவரு போட்ட கரை வளையமாத் தெரிஞ்சுது, பாதி கரைஞ்சு. நேத்து போட்டதாம்.

இறங்கப் போனேன். வழுக்கும்னு புடிச்சுக்கிட்டாரு. அப்பறம் என்ன நெனச்சாரோ, செருப்பக் கழட்டி வெச்சுட்டு மொதல்ல அவரு இறங்கி, என் ரெண்டு கையையும் புடிச்சு இறக்கி விட்டாரு. தண்ணி முழங்காலுக்குக் கீழ. ஜில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன். இல்ல. வெதுவெதுன்னு இருந்துச்சு. நாள்கணக்குல தேங்கிக் கெடந்த தண்ணி.

குனிய முடியாது எனக்கு இன்னும். அவரு தாங்கிப் புடிச்சு மெதுவா குத்த வெச்சு உக்கார விட்டு, என் கையக் கல்லு மேல வெச்சாரு. அழுகை வரும்னு வந்தேன். வரல. கல்லு சொரசொரன்னு இருந்துச்சு.

பேரு சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணி யாருக்கும் சொல்லாம வெச்சிருந்த பேரு. வாய் விட்டு, நல்லாக் கேக்கிற மாதிரி. இங்க எழுத மாட்டேன்.

தண்ணிய மண்ணு போட்டு நிறுத்த வேணாம்னு சொன்னேன் அவருகிட்ட. "தானா வடியட்டும் மச்சான். தை மாசம் வடிஞ்சிரும்ல?" "வடிஞ்சிரும்." "அப்ப விட்டுருங்க. நீங்க மெலிஞ்சு போயிட்டீங்க." மம்பட்டி வரப்புல குத்தி வெச்சிருந்துச்சு. எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு.

பத்து மணி பஸ்ஸுல அய்யா வந்தாரு. பழம், பிரெட்டு. பையத் தூக்கிட்டு வாத்தான்னாரு. வரலைன்னேன். "ஏன்?" "இங்கன இருக்கேன்யா." அவரு அத்தையப் பாத்தாரு. சண்டை வரும்னு நெனச்சேன். அத்தை அய்யாவுக்குக் காப்பி ஆத்திக்கிட்டே, "அவ இஷ்டம்ண்ணே"ன்னாங்க.

அய்யா போறப்ப வாசல்ல நின்னு ரொம்ப நேரம் செருப்பு மாட்டுனாரு.


நவ. 25, செவ்வாய்

வெயில்! வீட்டுல உள்ள எல்லாத் துணியும் கொடியில. தலகாணி, பாய் எல்லாம் முத்தத்துல.

போட்டெல்லாம் போயிருச்சு. கு.வுக்கு விடியகாலையிலேயே லோடு.

நஸ்ரின் மெசேஜ்: "முடிச்சுட்டியா? இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அனுப்பவா?" இப்ப வேணாம்னு போட்டேன். அடுத்த மாசம் வேலைக்கு வாரேன்னும் போட்டேன். போட்டப்பறம் பயமா இருக்கு.

குழாய்ல அந்தப் பொம்பள இன்னைக்கும் ஏதோ ஆரம்பிச்சா. அத்தை, "உன் வேலையப் பாத்துட்டுப் போடி"ன்னாங்க. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மத்தியானம் ரெண்டு பேரும் சின்ன வெங்காயம் உரிச்சோம். அத்தை உரிச்சுக்கிட்டே இருந்தாங்க, திடீர்னு கத்திய வெச்சுட்டாங்க.

"அவன் உங்கிட்ட சொன்னானா?"

"என்ன அத்தை?"

"பிள்ள எப்படி இருந்துச்சுன்னு." வெங்காயத் தோலப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பக்கமா சேத்தாங்க. "எனக்குக் காட்டலத்தா. பாத்தா விழுந்துருவேன்னு உன் மாமாவும் அவனும் துணியச் சுத்திக் கொண்டு போயிட்டாக. நான் வார்டு வாசல்ல உனக்குத் துணைக்கு நின்னேன். இன்ன வரைக்கும் ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லல. நானும் எப்படிக் கேக்குறது?"

இவங்களும் பாக்கலையா. எனக்கு இது தோணவே இல்ல. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

சொன்னேன். முடி. கை. "மூக்கு உங்க மூக்காம் அத்தை."

அத்தை வெங்காயக் கையோட மூக்கத் தொட்டாங்க. கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுச்சு, எனக்கும்தான், வெங்காயமா என்னன்னு பிரிக்க முடியாம ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம். அப்பறம் மெல்லக் கேட்டாங்க:

"நிறம்? உன்னய மாதிரியா, அவன மாதிரியா?"

கேக்கல. அதக் கேக்கவே இல்ல நான்.

"அவரு வரட்டும் அத்தை. ரெண்டு பேருமா கேப்போம்."

வண்டிச் சத்தம் கேக்குது. அத்தை முகத்தக் கழுவப் போறாங்க.